ஒரு சக்கரம் சுற்றுகிறது, மறு சக்கரம் நிற்கிறது!
போடி மலைச்சரிவில் பிக்அப் வண்டிக்கு நடக்கும் வைத்தியம்

ஏலக்காய் மணக்கும் ஊர் எது என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பையன்கூடப் போடிநாயக்கனூர் என்று சொல்லிவிடுவான். ஊரில் ஏலம் நடக்கிறது; கடைகளில் காய் தரம் பிரிக்கப்படுகிறது; மூட்டைகள் வட நாட்டுக்குப் பயணப்படுகின்றன. ஆனால், அந்தக் காய் விளையும் இடம் போடி அல்ல. அது மேற்கே, மேகம் தொட்டுக்கொண்டு நிற்கும் மலையின் மேல் இருக்கிறது. பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலை என்று கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் பரந்து கிடக்கும் தோட்டங்களிலிருந்துதான் பெரும்பகுதி காய் இறங்கி வருகிறது. காய் கீழே இறங்க வேண்டும். அதைப் பறிக்கும் கைகளோ மேலே ஏற வேண்டும்.

கோழி கூவும் நேரத்தில் போடியின் தெருக்களைப் பார்த்தால் இந்த ஏற்றம் எப்படி நடக்கிறது என்பது விளங்கும். தலையில் துண்டும், கையில் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். ஜீப்புகள் வருகின்றன. பிக்அப் வண்டிகள் உரமும், விறகும், தண்ணீர்க் குழாயும் ஏற்றிக்கொண்டு உறுமுகின்றன. ஏறத்தாழ 1,200 அடி உயரத்திலுள்ள போடியிலிருந்து புறப்படும் வண்டி, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரத்தில் 4,000 அடிக்கு மேலான போடிமெட்டை எட்ட வேண்டும். நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள்!

அதுவரையில் தார் ரோடு. தேசிய நெடுஞ்சாலை என்ற பெயரும் மரியாதையும் அதற்கு உண்டு. உண்மையான சோதனை அதற்கப்பால்தான் ஆரம்பிக்கிறது. நெடுஞ்சாலையை விட்டு விலகித் தோட்டத்துக்குள் நுழையும் பாதை மண் பாதை. மழை பெய்தால் சேறு. வெயில் காய்ந்தால் உருளும் கல். ஏலக்காய் பறிப்பு சூடு பிடிக்கும் மாதங்களோ மழை மாதங்கள்.

அங்கே ஒரு நாள் இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுமை ஏற்றிய பிக்அப் ஒரு மேட்டில் ஏறுகிறது. பின் இடது சக்கரம் சேற்றில் இறங்குகிறது. டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். என்ஜின் அலறுகிறது. இடது சக்கரம் பம்பரமாய்ச் சுற்றிச் சேற்றை வாரி இறைக்கிறது. வலது சக்கரம்? அது கெட்டியான பாறைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது; ஒரு அங்குலமும் அசையவில்லை! என்ஜினில் சக்தி இருக்கிறது, வலது சக்கரத்துக்குப் பிடிப்பும் இருக்கிறது. இருந்தும் வண்டி ஏறவில்லை. இது என்ன விந்தை?

சரிவின் பழைய கதை

இந்தச் சரிவில் சரக்கை ஏற்றி இறக்குவது என்றுமே சுலபமான காரியமாக இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாற்றுத் தேயிலையைச் சமவெளிக்குக் கொண்டுவர வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் ஒரு விசித்திரமான வழி செய்தார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். 1908-இல் அதை எடுத்துவிட்டுச் சிறிய ரயில் பாதை அமைத்தார்கள். அது டாப் ஸ்டேஷன் என்னும் மலை உச்சியில் வந்து நின்றது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றில் தொங்கியபடி, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரம் அந்தரத்தில் மிதந்து கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924-இல் வந்த பெருவெள்ளம் அந்தச் சிறிய ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. அது மறுபடியும் கட்டப்படவே இல்லை.

தண்டவாளத்துக்கும் கம்பிக் கயிற்றுக்கும் ஒரு சௌகரியம் உண்டு: வளைவு, சேறு என்ற கவலை அவ்வளவாக இல்லை. ரப்பர் டயர் போட்ட வண்டிக்கோ இரண்டு கவலையும் உண்டு. இரண்டையும் ஒருங்கே சமாளிக்க வேண்டிய உறுப்பு, பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிபரன்ஷியல்தான்.

14 அடி வித்தியாசம்

வண்டி நேராகப் போகும்போது இரண்டு பின் சக்கரங்களும் சமமாகச் சுற்றுகின்றன. வளைவில் அப்படியல்ல. உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டம் போடுகிறது. வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது. இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி நாலரை அடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், வண்டி முழுசாகத் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில், வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட ஏறத்தாழ 14 அடி அதிகமாக ஓட வேண்டியிருக்கிறது. வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த 14 அடி மாறாது. இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்? அந்த 14 அடியை ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டுதான் போயாக வேண்டும். டயர் தேயும்; தண்டு முறுகும்; வண்டி திரும்ப மறுக்கும்.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு கடிகார விற்பன்னர் வழி கண்டார். பிரான்ஸ் தேசத்தைச் சேர்ந்த ஒனெசிபோர் பெக்கர் என்பவர், 1820-களின் இறுதியில், தாம் அமைத்த நீராவி வண்டிக்காக டிபரன்ஷியல் அமைப்புக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். என்ஜினிலிருந்து வரும் தண்டின் முனையில் பினியன் என்ற சிறிய பற்சக்கரம். அது கிரௌன் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரௌனோடு சேர்ந்து ஓர் இரும்புக் கூடு சுற்றுகிறது. கூட்டுக்குள் ஸ்டார் பினியன் என்ற சிறு பற்சக்கரங்கள், இரு பக்கமும் ஸன் கியர்களைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. ஸன் கியர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சக்கரத்துக்குச் சொந்தம். நேர் பாதையில் எல்லாம் சேர்ந்து சுற்றும். வளைவில் ஸ்டார் பினியன்கள் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு, ஒரு பக்கம் குறைத்து மறுபக்கம் கூட்டிக்கொடுக்கும்.

ஆனால், இந்த நியாயஸ்தனிடம் ஒரு குறை உண்டு. சக்கரங்களின் வேகம் வேறுபட அனுமதிக்கிறானே தவிர, இழுவையை எப்போதும் இருவருக்கும் சமமாகத்தான் பங்கிடுவான். சேற்றிலுள்ள சக்கரத்தால் 20 பங்கு இழுவையைத்தான் தாங்க முடியும் என்றால், பாறைமேல் இருக்கும் சக்கரத்துக்கும் அதே 20 பங்குதான். இரண்டும் சேர்ந்து 40. மேட்டில் ஏற 70 வேண்டும் என்றால் வண்டி நிற்க வேண்டியதுதான். நாம் மேலே கண்ட விந்தையின் ரகசியம் இதுவே.

அடக்க வேண்டும், அடைக்கக் கூடாது

இதற்குப் பரிகாரமாக வந்ததே எல்.எஸ்.டி. என்று மெக்கானிக்குகள் சொல்லும், வழுக்கலை அடக்கும் டிபரன்ஷியல். 1930-களில் ஜெர்மனியில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் இது தலைகாட்டியது. ஒரு சக்கரம் வீணாகச் சுற்றிப் புகை கக்குவதைத் தடுப்பதற்காக அங்கே வைத்தார்கள். சாதாரண ஜனங்கள் வாங்கும் காரில் இதை முதலில் கொடுத்தது அமெரிக்காவின் பாக்கார்டு கம்பெனி; ஆண்டு 1956.

பல வண்டிகளில் இதன் அமைப்பு மிகவும் எளிது. ஒவ்வொரு ஸன் கியருக்கும் பின்னால் வட்டமான பிளேட்டுகளை அடுக்கியிருப்பார்கள். ஒன்று விட்டு ஒன்று இரண்டு ஜாதி. ஒரு ஜாதி, உட்பக்கப் பற்களால் ஸன் கியரைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தோடு சுற்றும். மறு ஜாதி, வெளிப்பக்கக் காதுகளால் கூட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டோடு சுற்றும். ஒரு ஸ்பிரிங் இந்த அடுக்கை எப்போதும் லேசாக நெருக்கிக்கொண்டிருக்கும். என்ஜின் இழுக்க இழுக்க, பற்சக்கரங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அந்தத் தள்ளலில் பிளேட்டுகள் இன்னும் இறுகும். ஒரு சக்கரம் தனியாகச் சுற்றி ஓடப் பார்த்தால் பிளேட்டுகளின் உராய்வு அதைப் பிடித்து இழுத்து, மிச்ச சக்தியை மறுபக்கம் கொடுக்கும். பிடிப்புள்ள சக்கரத்துக்கு மூன்று மடங்கு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 20-உம் 60-உம் ஆக 80. இப்போது வண்டி ஏறிவிடும்!

ஆனால், வளைவில் அந்த 14 அடி வித்தியாசத்துக்கும் இடம் கொடுக்க வேண்டுமே? கொடுக்கிறது. பிளேட்டுகள் எண்ணெயில் மெதுவாக வழுக்கிக் கொடுக்கும். அடக்க வேண்டும், ஆனால் அடைத்துவிடக் கூடாது; அதுதான் இதன் தர்மம்.

மலைத் தோட்டங்களுக்குப் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை சாதாரண டிபரன்ஷியல் உள்ளவையே. எல்.எஸ்.டி. வைத்த வண்டிகள் குறைவு. வேறொரு முறையில், வழுக்கும்போது தானாகவே பூட்டிக்கொள்ளும் டிபரன்ஷியலை 2020-இல் வந்த மகிந்திரா தார் ஜீப்பிலும், அடுத்த ஆண்டு வந்த பொலிரோ நியோவின் ஒரு வகையிலும் கொடுத்தார்கள். எந்த வகையானாலும், பிளேட் தேயாத வண்டி கிடையாது. மலையில் ஓடும் வண்டியில் அது சீக்கிரம் தேயும்.

நாடி பிடித்துப் பார்த்தல்

வண்டி பட்டறைக்கு வருகிறது. நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. முதலில் டிரைவரிடம் பேச்சுக் கொடுக்கிறார். “வளைவில் பின்பக்கம் நடுக்கிக் கொடுக்கிறதா? மிதித்தால் ஊளைச் சத்தமா, காலை எடுத்தால் சத்தமா? ஓடையில் இறக்கினீர்களா?” ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அர்த்தம் உண்டு. வளைவில் மட்டும் கடகடவென்று நடுங்கினால் பிளேட்டையோ எண்ணெயையோ சந்தேகிக்க வேண்டும். நேர் ரோட்டிலேயே ஊளையிட்டால் கிரௌன், பினியன் அல்லது பேரிங்கின் கோளாறு.

அடுத்தது எண்ணெய்ப் பரீட்சை. அடியிலுள்ள திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். கருகிய நாற்றம் என்றால் பிளேட் காய்ந்து எரிந்திருக்கிறது. மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. திருகின் காந்தத்தில் மைபோல் நைசான இரும்புப் பொடி ஒட்டியிருப்பது சகஜம். நகத்துண்டுபோல் செதில் ஒட்டியிருந்தால் எங்கோ ஒரு பல் போயிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, சக்கரப் பரீட்சை. என்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கவேண்டும். டார்க் ரெஞ்சு கொண்டு அதைத் திருப்பினால், எவ்வளவு பலத்தில் அசைகிறது என்பது முள்ளில் தெரியும். புத்தகத்தில் குறித்த அளவுக்குக் கீழே அசைந்துவிட்டால் பிளேட் தேய்ந்தது நிச்சயம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எல்.எஸ்.டி. உள்ள வண்டியில் ஒரு பின் சக்கரம் தரையில் இருக்க, மற்றதைத் தூக்கிவிட்டு, என்ஜினை ஓட்டிக் கியர் போடவே கூடாது. சாதாரண வண்டியில் தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும். இதிலோ தரையிலுள்ள சக்கரமும் இழுக்கும். வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். கீழே படுத்திருப்பவன் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உருண்டைக்குள்ளே

இனிப் பிரிக்கும் படலம். பிரொபெல்லர் ஷாப்டைக் கழற்றுமுன் இணையும் இடத்தில் இருபுறமும் ஓர் அடையாளக் கோடு. பிறகு இரு பக்க ஆக்ஸில் தண்டுகளும் வெளியே வருகின்றன. சில வண்டிகளில் பின் மூடியைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்கலாம். சில வண்டிகளில் முன்பக்கமாக முழு உருண்டையையும் இறக்க வேண்டும். எப்படியானாலும் கனம் அதிகம். இரண்டு பேர் வேண்டும்.

எடுப்பதற்கு முன்பே கிரௌனுக்கும் பினியனுக்கும் உள்ள இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து, சாக்குக்கட்டியால் சுவரில் எழுதிக்கொள்வது நல்ல வழக்கம். பேரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு மூடிகளிலும் இடது, வலது என்று புள்ளி குத்திவைக்க வேண்டும். தொழிற்சாலையில் அவற்றைப் பூட்டிய நிலையிலேயே கடைந்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் பேரிங் நெளிந்து உட்காரும். இரு பக்கமும் எத்தனை ஷிம் தகடுகள் இருந்தன என்பதையும் தனித்தனியே கம்பியில் கோத்துத் தொங்கவிட வேண்டும். இந்த மூன்று சிறு காரியங்களில் சோம்பல்பட்டவன், பூட்டும்போது மூன்று நாள் தவிப்பான்.

கூட்டைத் திறந்ததும் பிளேட்டுகள் வரிசையாக வெளிவரும். எந்த வரிசையில் வந்தனவோ அந்த வரிசையிலேயே துணிமேல் பரப்ப வேண்டும். நீலம் பாரித்தவை சூட்டில் வெந்தவை. உராய்வுப் பூச்சு வழவழவென்று கண்ணாடிபோல் ஆனவை பிடிப்பை இழந்தவை. காது ஒடிந்தவை பழைய இரும்புக்குத்தான் லாயக்கு. கூட்டின் உள்சுவரில் காதுகள் மோதிப் பள்ளம் விழுந்திருக்கிறதா, ஸ்டார் பினியனைத் தாங்கும் குறுக்குத் தண்டு தேய்ந்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டுத் தேய்ந்த குறுக்குத் தண்டை அப்படியே விடுவது, சுவர் இடிந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது.

புதிய உராய்வு பிளேட்டுகளை உலர்ந்தபடியே போடக் கூடாது. எல்.எஸ்.டி.க்கு உரிய எண்ணெயில் நன்றாக ஊறவைத்து, அதன் பிறகு அடுக்க வேண்டும். இரண்டு பக்க அடுக்குகளின் கனமும் குறித்த அளவில் இருக்கிறதா என்று அளந்து, குறைந்தால் ஷிம் வைத்துச் சரி செய்ய வேண்டும். மிகவும் தளர்ந்தால் வேலை செய்யாது. மிகவும் இறுகினால் வளைவில் டயரைத் தின்னும்.

தலைமயிர் கணக்கு

பிளேட் மட்டுமே மாற்றியிருந்தால், பழைய ஷிம்களைப் பழைய இடத்திலேயே போட்டுப் பூட்டி, சுவரில் எழுதிய அளவு திரும்ப வருகிறதா என்று பார்த்தால் போதும். பேரிங்கோ கிரௌனோ மாற்றியிருந்தால் எல்லாவற்றையும் புதிதாக நிர்ணயிக்க வேண்டும். கிரௌனும் பினியனும் ஜோடியாக ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு வண்டியின் கிரௌனுக்கு இன்னொரு வண்டியின் பினியனைச் சேர்ப்பது ஒவ்வாத கல்யாணம். அது வாழ்நாள் முழுவதும் ஊளையிட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டு பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி பல வண்டிகளில் 5-லிருந்து 10 தௌ வரை. தௌ என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் கனமே ஏறத்தாழ 3 தௌ என்றால், இந்த வேலையின் நுட்பத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். டன் கணக்கில் பாரம் இழுக்கும் வண்டியின் ஆயுள் இரண்டு மூன்று மயிர் கனத்தில் அடங்கியிருக்கிறது!

அளவு சரியாக இருந்தும் பற்கள் சரியான இடத்தில் கவ்வுகின்றனவா? அதற்கு ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. கிரௌனின் சில பற்களில் நீல மை தடவி, கையால் மெள்ளச் சுற்றினால், பினியன் உரசிய இடத்தில் மை வழிக்கப்பட்டுத் தடம் விழும். தடம் பல்லின் நடுவே விழுந்தால் மெக்கானிக்கின் முகத்தில் புன்னகை. பல்லின் நுனியோரம் விழுந்தால் பினியன் கிரௌனை விட்டு எட்ட நிற்கிறது. ஷிம் மாற்றி உள்ளே தள்ள வேண்டும். பல்லின் அடியில் விழுந்தால் மிக உள்ளே போய்விட்டது. வெளியே இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழற்று, பேரிங்கை இழு, ஷிம் மாற்று, பூட்டு, மை தடவு! நாலைந்து தடவை செய்தாலும் அலுக்காதவனே இந்த வேலைக்குத் தகுந்தவன்.

பினியன் நட்டை இறுக்குவதிலும் ஒரு கண்டம் உண்டு. பல வண்டிகளில் நட்டுக்குக் கீழே, இறுக்க இறுக்க நசுங்கும் ஓர் உறை இருக்கும். சிறிது அதிகமாக இறுக்கிவிட்டால் பின்னோக்கித் திருகிப் பயனில்லை. நசுங்கியது நசுங்கியதுதான், புது உறை வாங்கி மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

குறுக்கு வழிகள்

பறிப்புக் காலத்தில் வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வாடகை போயிற்று. தவணை கட்டும் தேதியோ நிற்பதில்லை. ஆகவே, “இன்றைக்கே ஓடினால் போதும்” என்று அவசரப்படும் வண்டிக்காரரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால், அந்த அவசரத்தில் பிறக்கும் சில குறுக்கு வழிகள் ஆபத்தானவை.

பிளேட் விலை அதிகம் என்று, ஸ்டார் பினியனையும் ஸன் கியரையும் சேர்த்து வெல்டிங் அடித்துவிடுவது ஒன்று. சேற்றில் ஜோராக ஏறும். ஆனால், போடிமெட்டுச் சாலையின் 17 வளைவுகளிலும் அந்த 14 அடியை டயர் தேய்த்துத்தான் தீர்க்க வேண்டும். மொத்தம் 238 அடி! மழையில் வழுக்கும் வளைவில் வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். வெல்டிங் துண்டு ஒன்று பெயர்ந்து பல்லுக்குள் சிக்கினால் அச்சே நின்றுவிடும்.

சாதாரணக் கியர் எண்ணெயை ஊற்றிவிடுவது இன்னொன்று. எல்.எஸ்.டி. பிளேட்டுகளுக்கு, உராய்வை இதமாக்கும் மருந்து சேர்ந்த எண்ணெய் வேண்டும். அது இல்லாவிட்டால் பிளேட்டுகள் வழுக்குவதற்குப் பதிலாக ஒட்டி விட்டு, ஒட்டி விட்டு, வளைவுதோறும் நடுங்கும். புது பிளேட் வாங்கிய பணமும் வீண்.

மூன்றாவது, மூச்சுக்குழாயை மறப்பது. அச்சின் மேல் சிறிய மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. சேறு அடைத்துக்கொண்டால், சூட்டில் விரியும் காற்று ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கூடவே எண்ணெயும் போகும். அது ஓடிச் சேரும் இடம் பிரேக் லைனிங். மலை இறக்கத்தில் பிரேக்கில் எண்ணெய்! ஒரு ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் தீரும் காரியம் இது.

எட்டுப் போட்டுப் பார்ப்பது

எல்லாம் பூட்டி, எண்ணெய் ஊற்றி, ஆக்ஸிலும் ஷாப்டும் மாட்டியாகிவிட்டது. உடனே மலையேறக் கூடாது. வெட்டவெளி மைதானத்தில் வண்டியை மெதுவாக ஓட்டி, லைசென்ஸ் பரீட்சையில் போடுவதுபோல் எட்டுப் போட வேண்டும். இடமும் வலமுமாகத் திரும்பும்போது எண்ணெய் பிளேட்டுகளின் சந்துபொந்துகளிலெல்லாம் பாய்ந்து பதமாகும். புதுக் கிரௌன் போட்டிருந்தால் முதலில் பாரமின்றிச் சில கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்த எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றிவிட்டால் தேய்ந்த பொடியெல்லாம் போய்விடும்.

எதைச் செய்யாது?

இவ்வளவு பாடுபட்டுச் சீராக்கிய எல்.எஸ்.டி. எல்லாம் வல்லதல்ல. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அதன் பிடிப்பு பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யமே. ஸ்பிரிங்கின் லேசான நெருக்கம் மட்டுமே துணை. அனுபவமுள்ள டிரைவர்கள் அப்போது கைப்பிரேக்கைச் சிறிது இழுத்துப் பிடிப்பார்கள். சுற்றும் சக்கரத்துக்குச் செயற்கையாக ஒரு தடை கிடைக்க, மறு சக்கரத்துக்குச் சக்தி போகும். ஆனால், இந்த யுக்தி பழைய வில்லீஸ் ஜீப்பில் பலிக்காது. அதில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, ஷாப்டைப் பிடிக்கிறது!

பக்கவாட்டில் சரிந்த வழுக்குப் பாதையில் இன்னொரு சங்கடம் உண்டு. சாதாரண டிபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுற்றினாலும் மற்றது நின்று, வண்டியின் பின்பக்கத்தை நங்கூரம்போல் பிடித்திருக்கும். எல்.எஸ்.டி. வண்டியில் இரண்டும் சேர்ந்து சுற்றத் தொடங்கினால் பின்பக்கம் முழுதும் பள்ளத்தை நோக்கி வழுகும். அங்கே காலை மெதுவாக வைப்பதுதான் மருந்து.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. இந்த யந்திரம் ஏறுவதற்குத்தான் உதவும். இறக்கத்தில் உயிரைக் காப்பது பிரேக்கும், கீழ்க் கியரும், நிதானமுமே. சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை அடைத்து ஏற்றுவது சட்டத்துக்கு விரோதம். ஜீப்பில் அளவுக்கு மீறிப் பிதுங்கப் பிதுங்க ஏற்றுவதும் அப்படியே. தோட்டத் தொழிலாளர் வண்டிகள் மலைப்பாதையில் கவிழ்ந்த செய்திகளை இந்த வட்டாரத்து மக்கள் பலமுறை படித்துக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். “வண்டி நன்றாக ஏறுகிறதே” என்ற தைரியத்தில் இன்னும் பத்துப் பேரை ஏற்றினால், மெக்கானிக் மயிர் கனத்தில் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை ஆபத்துக்கே துணை போனதாகும்.

மாலை மயங்கும் நேரம். மலையிலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாகப் போடிக்குள் இறங்குகின்றன. விரல்களில் ஏலக்காய்ப் பிசின் கறுத்திருக்க, பெண்கள் இறங்கி, தூக்குச்சட்டியைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு நடக்கிறார்கள். அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகள் காத்திருக்கும். தாங்கள் பிரயாணம் செய்த வண்டியின் அடியில் ஓர் உருண்டை தொங்குவதும், அதற்குள் எண்ணெயில் ஊறிய சில பிளேட்டுகள் இருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது தெரிந்திருக்க வேண்டியவர்கள் இருவர்: பட்டறையில் அதைப் பூட்டுபவரும், ஸ்டியரிங்கைப் பிடிப்பவரும். நாளைக் காலை கோழி கூவும்போது அந்தப் பெண்கள் மறுபடியும் வந்து நிற்பார்கள்.